கூப்பிட்ட குரலுக்கு

ஏழாம் நம்பர் பெட்டி பதில் சொன்னது. யாரும் அதைக் கூப்பிட்டிருக்கவில்லை.

ஜீவராணி மடிக்கணினித் திரையைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். திரையில் ஒற்றை வரி கிடந்தது: ஏழு, வெப்பம் பதினேழு, ஈரம் எண்பத்தொன்று. அன்று போயா நாள், பௌர்ணமி விடுமுறை. கொழுந்து பறிப்பு இல்லை, அரைப்பு இல்லை, ட்ரையர் அடுப்பில் நெருப்பு இல்லை. தெமோதரைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்தளத்தில், பஸ் நீளத்துக்கு இரண்டு வரிசையாகக் கிடக்கும், கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்கு நடுவே, ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் சாய்ந்து, ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. காலியான தொட்டிகளின் கம்பி வலையிலிருந்து, நேற்றைய கொழுந்தின் வாசம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கம்பியில் ஈரம் ஏறியிருக்கும் என்று நினைத்தாள். இந்தப் பக்கத்து மழைக்கும் பனிக்கும் எந்தக் கம்பிதான் ஒழுங்காக இருக்கும். அதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தெம்பும் இல்லை.

அந்தத் தொழிற்சாலையில் மொத்தம் பதினொரு பெட்டிகள். மேலே எட்டுத் தொட்டிக்கும் எட்டு. கீழே அரைக்கிற மெஷின் இரண்டுக்கும் ட்ரையருக்கும் மூன்று. எல்லாம் ஒரே கம்பியில் கோத்தவை. ஆபீஸ் கணினி நம்பர் சொல்லிக் கூப்பிடும். அந்த நம்பர்ப் பெட்டி மட்டும் தன் இடத்து வெப்பத்தையும் ஈரத்தையும் சொல்லும். மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்கும். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கூப்பிடாமல் யாரும் 'வந்திருக்கேன்' என்று சொல்வதில்லை.

இந்தக் கூப்பாட்டையும் பதிலையும் நடத்திவைக்கிற நிரலுக்கு ட்ரைவர் என்று பெயர். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் திறந்துபோட்ட ஒரு நிரல் நூலகத்தின் பகுதி அது. எழுதியவர் பதுளைக்காரர், கதிர்காமநாதன். கடைக்காரக் குடும்பத்தில் பிறந்தும் கடையில் உட்காராமல், ஊவா மாகாணம் முழுக்கத் தோட்டம் தோட்டமாக அலைந்து இந்தப் பெட்டிகளை மாட்டிய மனிதர். அவர் கண்மூடியதும், கூட இருந்து உதவிய பாவத்துக்கு நூலகம் ஜீவராணியின் தலையில் வந்து விழுந்தது. சம்பளம் கிடையாது. பகலில் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை. அது முடிந்து சோறு வடித்து வைத்துவிட்டு, எங்கெங்கோ இருந்து வரும் முறைப்பாடுகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில். முறைப்பாடு எழுதுகிறவர்களுக்குக் கை வலிப்பதில்லை. நன்றி எழுதத்தான் எல்லோருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

முறைப்பாடுகளில் முக்கால்வாசி ஒரே விஷயம். பெட்டிகள் மெதுவாக இருக்கின்றன. காரணம் அவளுக்குத் தெரியும். கதிர்காமநாதன் எழுதிய ட்ரைவரில், பெட்டி மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் பதில் சொல்லும். முதல் கூப்பாட்டுக்குக் கேட்காதது போல இருக்கும். இரண்டாவதுக்கும் அப்படியே. கை தவறி எழுதியதாகத் தெரியவில்லை. மூன்று இடங்களில், மூன்று விதமாக, மெனக்கெட்டு எழுதியிருந்தார்.

வெளியூர்க்காரர்களின் முறைப்பாட்டுக்காக மட்டும் அவள் அதில் கை வைத்திருக்க மாட்டாள். அவள் புருஷன் விஜேந்திரன் இதே தொழிற்சாலையில் ஃபிட்டர். ட்ரையர் சூடு ஏறினால் ஆபீஸ் கணினிக்குத் தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் தூள் கருகிவிடும். அதனால் தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கர் அவனை விடியவிடிய ட்ரையர் பக்கத்திலேயே நிற்க வைத்திருந்தார். அவள் எழுந்திருக்கும்போது அவன் வந்து படுப்பான். அவன் எழுந்திருக்கும்போது அவள் வேலையில் இருப்பாள். ஒரு வீட்டில் இருந்துகொண்டு, சாப்பிட்ட கோப்பையைப் பார்த்துத்தான் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்துகொள்கிறோம் என்று அவளுக்கு ஒருநாள் அழுகையே வந்துவிட்டது. புருஷன் பக்கத்தில் வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு.

அதனால் மூன்று வாரம் ராத்திரி கண்விழித்து ட்ரைவரை முழுதாகப் பிரித்துப் போட்டாள். குடியிருக்கும் வீட்டில் சாமானையெல்லாம் முற்றத்தில் இறக்கி, வெள்ளையடித்து, திரும்ப உள்ளே அடுக்குகிற வேலை அது. சாமான் குறையக் கூடாது, வீடும் வீடாகவே இருக்க வேண்டும். அடுக்கி முடித்தபோது மூன்று கூப்பாட்டுச் சங்கதி மட்டும் முற்றத்திலேயே கிடந்தது. அதை அவள் உள்ளே எடுக்கவில்லை. பரிசோதனைகள் எல்லாம் தேறின. இன்று காலை, ஆளில்லாத போயா நாளாகப் பார்த்து, தோட்டத்து மேனேஜர் துரையிடம் அனுமதி வாங்கிப் பதினொரு பெட்டிகளிலும் புது ட்ரைவரை ஏற்றினாள். இனி முதல் கூப்பாட்டுக்கே பதில்.

எட்டாம் நம்பர் பதில் சொன்னது. பிறகு ஒன்பது. பத்து. பதினொன்று.

ஜீவராணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஈரத்துக்கு வரிசை தெரியாது.

தளத்தின் ஓரத்தில், வாடிய கொழுந்தைக் கீழே அரைக்கும் கூடத்துக்குத் தள்ளிவிடுவதற்கு ஒரு சதுர ஓட்டை இருந்தது. அதிலிருந்து அகலமான தகரக் குழாய் ஒன்று கீழே இறங்கியது. கூரைத் தகரத்துக்குக் கீழே ஃபோனில் சிக்னல் நிற்காததால், காலையிலிருந்து அவர்கள் பேசிக்கொண்டது அதன் வழியாகத்தான். அவள் போய்க் குனிந்தாள்.

"ஏங்க... ஆபீஸ் கம்ப்யூட்டர போட்டீங்களா?"

"இல்லியே. நீதான வயர கழட்ட சொன்ன?" விஜேந்திரனின் குரல் தகரத்தில் பட்டுச் சற்று நீண்டு வந்தது. பெல்ட் மாற்றுவதற்காக அவன் ட்ரையருக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தான். "கழட்டி மேசை மேலதான் சுத்தி வச்சிருக்கேன். ஏன், என்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பெட்டியெல்லாம் தானா பேசுது."

"பேசட்டுமே. ஒன்னய மாதிரி மூணு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புவேன்னு அடம் புடிக்காம இருந்தா சரி."

அவனுக்கு இது பழைய கேலி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இருவருமே. பொழுது சாய்ந்த பிறகு வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால், முதல் கூப்பாட்டுக்கு 'ஏன்' என்று கேட்கக் கூடாது என்பது லயத்தில் பால்குடி மறப்பதற்கு முன்பே படிகிற பாடம். மனுசன் என்றால் மறுபடியும் கூப்பிடுவான். மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். மற்றது ஒரு தடவைதான் கூப்பிடும். ஜீவராணிக்குப் படித்து, வேலைக்குப் போய், பண்டாரவளையில் வீடெடுத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. விஜேந்திரனுக்குப் போய்விட்டது. அரைக்கும் கூடத்தில் சட்டம் வேறு. அங்கே ஒருத்தன் கத்தினால் அவன் கை மெஷினுக்குள் இருக்கலாம். இரண்டாவது கூப்பாட்டுக்குக் காத்திருந்தால் கை இருக்காது. அதனால் விஜேந்திரன் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவன். தூக்கத்தில் கூப்பிட்டாலும் 'வாரேன்' என்பான். அந்தக் குணத்துக்காகத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவள் கதிரைக்குத் திரும்பினாள். இதுவரை பதில்களை மட்டும் காட்டிக்கொண்டிருந்த திரையை, கூப்பாடுகளையும் சேர்த்துக் காட்டும்படி மாற்றினாள். அவளுடைய மடிக்கணினி கம்பியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தது. அது யாரையும் கூப்பிடவில்லை. ஆபீஸ் கணினி கழற்றிக் கிடந்தது. அந்தக் கம்பியில் கூப்பிடுவதற்கு வேறு யாரும் கிடையாது.

திரையில் வரி விழுந்தது.

ஒன்றைக் கூப்பிட்டது. ஒன்று பதில் சொன்னது. இரண்டைக் கூப்பிட்டது. இரண்டு பதில் சொன்னது. அவசரமில்லை. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும், கேட்டதை மனதில் போட்டுக்கொள்வது போல ஓர் இடைவெளி. ஒவ்வொரு பெட்டியும் கூப்பிட்ட மாத்திரத்தில் சமர்த்தாகப் பதில் சொல்லிக்கொண்டு போனது. பதினொன்று வரை போய், பிறகு பன்னிரண்டைக் கூப்பிட்டது. அந்தக் கம்பியில் பன்னிரண்டு என்று எதுவும் கிடையாது. பதில் வரவில்லை. இடைவெளி. மறுபடியும் ஒன்று.

கூப்பிடுவது யார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த முறையில் கூப்பிடுகிறவர் தன் பெயரைச் சொல்வதே இல்லை. கூப்பிட ஒருத்தர்தான் இருப்பார் என்ற நம்பிக்கையில் கட்டியது இது. கூப்பாட்டுக்கு முகம் கிடையாது, பதிலுக்கு மட்டும்தான் நம்பர் உண்டு.

பனி இன்னும் உள்ளே வந்திருந்தது. எதிர்வரிசைத் தொட்டிகளின் கடைசி இரண்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. வாசமும் மாறியிருந்தது, வாடிய கொழுந்தின் பழவாசம் போய், இப்போதுதான் கசக்கிய பச்சை இலையின் காறல் மூக்கில் ஏறியது. அன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குள் பச்சை இலை ஒன்றுகூட வரவில்லை.

அவள் மறுபடியும் ஓட்டைக்குப் போனாள்.

"ஏங்க, மெயின் சுவிட்ச அணைச்சிருங்க. பெட்டியெல்லாம் நின்னுரட்டும்."

"இப்பவா? உள்ள கும்மிருட்டா இருக்கு, லைட்டும் அதுலதான ஓடுது. பெல்ட்ட மாட்டிட்டு வந்துர்றேன், கொஞ்சம் பொறு."

"சீக்கிரமா வாங்க. எனக்கு இங்க ஒரு மாதிரியா இருக்கு."

"பயமா? பட்டப்பகல்ல?" அவன் சிரித்தான். "கூப்பிடு, வந்துர்றேன்."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். உடம்பு முழுக்க வலித்தது. மூன்று வாரமாகச் சேர்த்துவைத்த தூக்கம் கண்ணைப் பிடித்து இழுத்தது. எதையும் கண்டுகொள்ளாமல் மடிக்கணினியை மூடிவிட்டு, கீழே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் கெட்டிக்காரிகளுக்கு ஒரு வியாதி உண்டு, காரணம் தெரியாமல் எழுந்திருக்க மாட்டார்கள்.

அப்போதுதான் கதிர்காமநாதன் ஃபோனில் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அவள் அவரிடம் ஒரு தடவை நேரடியாகவே கேட்டிருக்கிறாள், 'ஏன் சேர், மூணு தடவை?' என்று. "நம்ம பக்கத்துக் கம்பி அப்பிடித்தான் புள்ள," என்றார். "முதல் கூப்பாட்ட நம்பிப் பதில் சொல்லக் கூடாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். மோசமான கம்பி, சத்தம் ஏறும், அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் தான் காக்கும் அதே வழக்கத்தை ஒருவர் நிரலில் எழுதி வைத்திருக்கிறார் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. வாசற்படியில் என்றால் உடனே தெரிந்திருக்கும்.

பழைய ட்ரைவரை எடுத்து எட்டாம் பெட்டியில் மட்டும் ஏற்றினாள். அவசரத்தில் கட்டளையை இரண்டு தடவை பிழையாக அடித்தாள்.

வரிசை வந்தது. ஐந்து, ஆறு, ஏழு, எல்லாம் பதில் சொல்லின. எட்டைக் கூப்பிட்டது. எட்டு வாய் திறக்கவில்லை. அது ஒரு தடவைதான் கூப்பிட்டது. இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. பேசாமல் ஒன்பதுக்குப் போய்விட்டது.

அப்படியென்றால் இது புதிதாக வந்தது இல்லை. இத்தனை வருடமும் இந்தக் கம்பியில் அது கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. தினமும். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை. பெட்டிகள் கேட்டும் கேளாமல் இருந்திருக்கின்றன. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இன்று காலையில், முதல் தடவையாக, அதற்குப் பதில் கிடைத்திருக்கிறது.

அவள் பயந்துபோனாள். பயத்தை ஒளித்துவைக்க அங்கே யாரும் இல்லை. 'முருகா, முருகா' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏழாம் பெட்டிக்குப் பழைய ட்ரைவரை ஏற்றினாள். பிறகு ஆறு. ஐந்து. நான்கு. வரிசை வந்து போகும்போதெல்லாம் பதில்கள் குறைந்துகொண்டே வந்தன. கூப்பாட்டுக்கு நடுவே இருந்த இடைவெளியும் குறைந்தது. அது அவசரப்பட ஆரம்பித்திருந்தது. மூன்று. இரண்டு. ஒன்று. மேல்தளம் முழுக்க அடங்கியது. இனிக் கீழே இருந்த மூன்றும்தான்.

ஒன்பது அடங்கியது. பத்து அடங்கியது.

பதினொன்று. ட்ரையர்.

ஏற்றினாள். கம்பியில் ஒரு கூப்பாடு வந்தது, பதினொன்றுக்கு. பதில் இல்லை. பன்னிரண்டுக்கு ஒன்று. பதில் இல்லை.

பிறகு ஒன்றும் வரவில்லை.

திரை அசையாமல் கிடந்தது. அவள் காத்திருந்தாள். கூரைத் தகரத்தில் பனிநீர் சேர்ந்து சொட்டும் சத்தம் மட்டும். சரிதான், போய்விட்டது. நாளைக்கே எல்லோருக்கும் எழுதிவிடலாம், புது ட்ரைவரை எடுத்துவிடுங்கள், பழையதே நல்லது என்று. மெதுவாக இருக்கிறது என்று திட்டட்டும். திட்டு வாங்கி யார் செத்தார்கள். விஜேந்திரனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், இரண்டு பேருமாகக் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தூங்க வேண்டும்.

"ஏங்க..."

கீழேயிருந்து வந்தது.

குழாய் வழியாக, தகரத்தில் பட்டு, சற்று நீண்டு.

ஜீவராணி வாயைத் திறக்கவில்லை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். ஆனால் அது அவளுடைய குரல். அந்த இழுவை அவளுடையது. மூன்று வாரத் தூக்கமின்மைகூட அவளுடையதுதான்.

ஒரு தடவை. ஒரே ஒரு தடவை.

"வாரேன் ராணி," என்றான் விஜேந்திரன்.

அவள் ஓட்டைக்குப் பாய்ந்தாள். கதிரை சரிந்து விழுந்தது. "போகாதீங்க! நான் கூப்பிடல! ஏங்க, நான் மேல இருக்கேன், நான் கூப்பிடல!"

ஸ்பேனர் தரையில் வைக்கப்படும் சத்தம். தூக்கி எறியவில்லை, பத்திரமாக வைத்தான். பிறகு ரப்பர் செருப்பின் சத்தம், சிமெந்துத் தரையில். பட், பட், பட். மாடிப்படி இந்தப் பக்கம். செருப்புச் சத்தம் போனது அந்தப் பக்கம். அந்தப் பக்கம் சுவர்தான். சுவருக்குப் பின்னால் மலையை வெட்டிய மண்.

"ஏங்க!"

பட், பட், பட். கூடம் முடிந்திருக்க வேண்டும். சத்தம் முடியவில்லை. தூரமாகிக்கொண்டே போனது. ஆபீஸைத் தாண்டும் தூரம். ரோட்டைத் தாண்டும் தூரம். அவன் நிதானமாகத்தான் நடந்தான், பொண்டாட்டி கூப்பிட்டு வருகிறவன் நடக்கிற மாதிரி.

பிறகு இல்லை.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே ட்ரையரின் இரும்புக் கதவு திறந்திருந்தது. வேலை செய்யும் பல்பு கொக்கியில் ஆடிக்கொண்டிருந்தது. புது பெல்ட் பாதி மாட்டியபடி. ஸ்பேனர். அவன் ஃபோன். சுவர் சுவராகத்தான் இருந்தது. அவள் தட்டிப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையாலும் அடித்துப் பார்த்தாள். வெளிக்கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது. தாழை இழுத்துத் திறந்துகொண்டு பனிக்குள் கேட்டை நோக்கி ஓடினாள்.

வாட்சர் இராசையா தன் கூண்டுக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அவர் வெளிய வந்தாரா?"

"இல்லியே தங்கச்சி. கதவு இப்பதான தெறந்திச்சு, நீங்கதான ஓடி வாரீங்க." அவர் எழுந்து நின்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய குரல் தாழ்ந்தது. "நீங்க கூப்பிட்டது இங்க வரைக்கும் கேட்டிச்சு."

"என்னா கேட்டிச்சு?"

"ஏங்க-ன்னு. கிட்டத்துல இருந்து கூப்பிட்ட மாதிரி, இந்தா, இந்தக் கூண்டு வாசல்ல." கையால் காட்டினார். "ஒருக்காதான் கேட்டிச்சு. மறுபடி கூப்பிட்டா எந்திரிப்போம்னு இருந்தேன். கூப்பிடல. நான் எந்திரிக்கல."

இருவருமாக டோர்ச் அடித்துக்கொண்டு தேடினார்கள். அரைக்கும் மெஷின்களுக்கு அடியில், தூள் சலிக்கும் அறையில், விறகுக் கொட்டிலில். ட்ரையருக்குள் தலையை விட்டு இராசையா 'தம்பி, தம்பி, தம்பி' என்று மூன்று தடவை கூப்பிட்டார். பதில் இல்லை. லயத்துக்குப் போய் நாலு ஆம்பளைகளைக் கூட்டி வருகிறேன், நீங்கள் கேட்டிலேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கி ஓடினார். அவள் நிற்கவில்லை. மேலே ஏறினாள். அவன் எப்படியாவது மாடிக்கு வந்திருப்பான் என்று ஒரு பைத்தியக்கார நப்பாசை.

மேலே யாரும் இல்லை. சரிந்த கதிரைக்குப் பக்கத்தில் மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும் பனிக்குள் நின்றது.

திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒன்றைக் கூப்பிடவில்லை. இரண்டைக் கூப்பிடவில்லை. பதினொன்றையும் கூப்பிடவில்லை. அதற்கு இனி அவை தேவைப்படவில்லை. ஒரே ஒரு நம்பரை மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு. வெப்பம் முப்பத்தாறு புள்ளி எட்டு. ஈரம் நூறு.

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு. முப்பத்தாறு புள்ளி எட்டு. ஈரம் நூறு. கூப்பிட்ட மாத்திரத்தில் பதில். ஒரு தடவைகூடத் தாமதம் இல்லை. அவள் புருஷன் எப்போதும் அப்படித்தான்.

பன்னிரண்டுக்குப் பெட்டி கிடையாது. பழைய ட்ரைவரை ஏற்ற இடம் கிடையாது. அவள் தானே கூப்பிட்டுப் பார்த்தாள். மடிக்கணினியிலிருந்து, பன்னிரண்டை. உடனே பதில் வந்தது. முப்பத்தாறு புள்ளி இரண்டு. ஈரம் நூறு. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த மொழியில் அதற்கு வழியில்லை. வெப்பம் கேட்கலாம். ஈரம் கேட்கலாம். கதிர்காமநாதன் எழுதினதும் அவ்வளவுதான், அவள் திருத்தி எழுதினதும் அவ்வளவுதான்.

முப்பத்தைந்து.

கீழே ஆட்களின் சத்தம் கேட்டது. டோர்ச் வெளிச்சம் ஓட்டை வழியாக மேலே வந்து கூரையில் அலைந்தது. யாரோ மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னார்கள். கரண்ட் அடித்துக் கிடக்கிறானோ என்னவோ, முதலில் அதை அணை என்றார்கள். ஜீவராணி எழுந்து ஓட்டைக்குள் தலையை விட்டு அலறினாள். "அணைக்காதீங்க! கும்பிட்டுக் கேக்குறேன், யாரும் எதையும் அணைக்காதீங்க! அவரு பேசிக்கிட்டுதான் இருக்காரு!"

படியில் ஒருவர் ஏறிவரும் சத்தம். அவள் திரும்பி வந்து, மடிக்கணினியில் கம்பி சேரும் இடத்தை, ஆடிவிடாமல், இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

முப்பத்தொன்று. ஈரம் நூறு.

இருபத்தாறு.

"தங்கச்சி," என்றார் இராசையா, பின்னாலிருந்து. அவர் இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. இருபது. பத்தொன்பது. கூப்பிடக் கூப்பிட, ஒன்றைக்கூடத் தவறவிடாமல், அவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

பதினேழுக்கு வந்து நின்றது. அந்தத் தளத்தில் காலியாகக் கிடந்த எட்டுத் தொட்டிகளுக்கும் அதே பதினேழுதான்.

பன்னிரண்டைக் கூப்பிட்டது.

பன்னிரண்டு பதில் சொன்னது.